குடுமியான்மலைப் பாறையில் ஓர் இசைத்தாள்!

புதுக்கோட்டைப் பக்கம் போய் 'ஆர்க்கெஸ்ட்ரா' என்று சொன்னால், கோட்டும் சூட்டும் போட்ட வயலின் வரிசை யாருக்கும் நினைவுக்கு வராது. பங்குனித் திருவிழா, கோயில் வாசலில் மேடை, கீபோர்டு, ரிதம் பேடு, எக்கோ வைத்த மைக், நள்ளிரவைத் தாண்டியும் ஓடும் சினிமாப் பாட்டு. இங்கே ஆர்க்கெஸ்ட்ரா என்றால் அதுதான். வாசிப்பவர்களில் பாதிப் பேர் காதால் கேட்டே பாட்டைப் பிடித்தவர்கள். தாளைப் பார்த்து வாசிக்கிற வழக்கம் குறைவு.

மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ரா இதற்கு நேரெதிர். எண்பது, நூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஸ்டாண்டில் ஓர் இசைத்தாள் இருக்கும். அதில் எழுதியிராத எதையும் யாரும் வாசிக்க மாட்டார்கள். ஐரோப்பாவில் பிறந்த இந்த ஏற்பாட்டுக்குள் தங்கள் மண்ணின் இசையைக் கொண்டுபோய் உட்கார வைக்க, கடந்த நூறாண்டுகளாகப் பெரும்பாடு பட்டவர்கள் சீனர்கள். தமிழர்களும் முயன்றிருக்கிறார்கள். எல்லோரும் வந்து முட்டிக்கொண்ட இடம் ஒன்றுதான்: இசையில் எவ்வளவைத் தாளில் எழுத முடியும், எவ்வளவு எழுத்துக்குள் வராமல் நழுவிவிடும்?

இந்தக் கேள்விக்கு இரண்டு முனையிலும் சாட்சி வைத்திருக்கும் ஊர் புதுக்கோட்டை. ஒரு சாட்சி பாறையில் இருக்கிறது. இன்னொன்று விரல்களில்.

சாமிக்குக் குடுமி முளைத்த ஊர்

புதுக்கோட்டையிலிருந்து மணப்பாறை சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் போனால் குடுமியான்மலை. பெயருக்கு ஒரு கதை உண்டு. சாமிக்கு வைத்திருந்த பூவை அர்ச்சகர் தன் காதலிக்குக் கொடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து ராஜா வந்துவிட்டார். அவள் தலையிலிருந்தே பூவை எடுத்துப் பிரசாதமாகக் கொடுத்தால், அதில் ஒரு நீண்ட தலைமுடி! 'சாமிக்குக் குடுமி உண்டு மகாராஜா' என்று சமாளித்தார் அர்ச்சகர். ராஜா உள்ளே போய்ப் பார்த்தபோது லிங்கத்தில் நிஜமாகவே குடுமி இருந்ததாம். அர்ச்சகருக்காகக் குடுமி வளர்த்த அந்தச் சாமிதான் சிகாநாதர். கோயிலின் பெரிய மண்டபத்துத் தூண் சிற்பங்களைப் பார்க்கவே பாதி நாள் வேண்டும். குன்றின் மேலே வரிசையாக நிற்கும் அறுபத்து மூவர் புடைப்புச் சிற்பங்களுக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும்.

நாம் தேடி வந்தது இவற்றையெல்லாம் தாண்டிப் பின்னால் இருக்கிறது. குன்றைக் குடைந்து எடுத்த மேலைக்கோயில் என்ற குடைவரை. அதன் பக்கத்துப் பாறைச் சரிவில், ஏறக்குறைய 13 அடிக்கு 14 அடி பரப்பில், பல்லவ கிரந்த எழுத்தில் வரி வரியாக வெட்டியிருக்கிறார்கள். முதலில் சிவனுக்கு ஒரு வணக்கம். அதற்குப் பிறகு எல்லாமே சுரங்கள்!

மத்தியம கிராமம், ஷட்ஜ கிராமம் என்று தொடங்கி மொத்தம் ஏழு பகுதிகள். அந்தக் காலத்து ராகங்கள் ஏழுக்கு ஆளுக்கு ஒன்று. சுரங்கள் நான்கு நான்காகச் சேர்த்து எழுதப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு பகுதியின் கடைசியிலும் இன்ன சுரத்தில்தான் முடிய வேண்டும் என்ற ஒழுங்கு தெரிகிறது. இன்றைக்குப் பாட்டு வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் 'ச ரி க ம' என்று எழுதுகிறார்கள் இல்லையா? கல்லில் அதே 'ரி' ஓரிடத்தில் ர, ஓரிடத்தில் ரி, வேறோரிடத்தில் ரு, இன்னோரிடத்தில் ரெ என்று மாறி மாறி வருகிறது. இது சுருதி வேறுபாட்டைக் காட்டுகிறதா, வீணைத் தந்தியை மீட்டும் முறையைச் சொல்கிறதா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். பி. ஆர். பண்டார்கர் 'எபிகிராபியா இண்டிகா' தொகுதியில் இதைப் படித்து வெளியிட்டு நூறாண்டுக்கு மேல் ஆகிறது. 1979-ல் பிரிட்டிஷ் இசையியல் அறிஞர் ரிச்சர்ட் விட்டெஸ் இதைப் பற்றி விரிவாக எழுதினார். விவாதம் தீர்ந்தபாடில்லை.

எழுத வைத்தது யார்? ஊரில் கேட்டால் மகேந்திரவர்ம பல்லவன் என்பார்கள். இணையத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். கல்லில் அந்தப் பெயர் இல்லை. ருத்ராசாரியார் என்பவரின் சீடரான, சிவபக்தரான ஓர் அரசர், மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்றுதான் இருக்கிறது. எழுத்தின் அமைப்பைப் பார்த்து ஏழு அல்லது எட்டாம் நூற்றாண்டு என்கிறார்கள். மகேந்திரன் இசையில் வல்லவன், அதனால் அவன் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. ராஜா பெயரைவிட 'மாணவர்களின் நன்மைக்காக' என்ற சொல் பெரியது. இது வெற்றிக் கல்வெட்டும் இல்லை, தானக் கல்வெட்டும் இல்லை. பாறையில் எழுதிய பாடப்புத்தகம்!

முடிவில் தமிழில் ஒரு வரி வருகிறது: இந்தச் சுரங்கள் எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்ற பொருளில். தந்திகளின் எண்ணிக்கையைச் சொல்கிறது என்பது பலர் கருத்து. பக்கத்திலேயே பாறையில் செதுக்கிய வலம்புரிப் பிள்ளையார் அருகே 'பரிவாதினி' என்ற பெயரும் காணப்படுகிறது. அது ஏழு தந்தி வீணை.

ஆனால், ஒன்று குறைகிறது. தாளம் எங்கே? எந்தச் சுரத்தில் எவ்வளவு நேரம் நிற்பது, எங்கே அசைப்பது, எங்கே மூச்சு விடுவது என்று கல் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்ல வேண்டிய அவசியமும் இருந்திருக்காது. குரு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாரே! பிறகு ஏதோ ஒரு தலைமுறையில் அந்தக் குரு இல்லாமல் போனார். கல் மட்டும் மிச்சம்.

சீனாவில் இதே வயதில் ஒரு சுருள்

ஆச்சரியம் என்னவென்றால், ஏறக்குறைய இதே காலத்தில் சீனாவிலும் ஒருவர் உட்கார்ந்து இசையை எழுதிவைத்திருக்கிறார். ஏழு தந்தி உள்ள 'கூச்சின்' என்ற பழைய மீட்டுக் கருவிக்கான பாடம். அங்கேயும் ஏழு! 'யூலான்' என்பது பாட்டின் பெயர். தனித்துப் பூத்த ஆர்க்கிட் மலரைச் சொல்வது. ஏழாம் நூற்றாண்டுக் கைப்படி என்று மதிக்கப்படும் அந்தச் சுருள் இன்று டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எந்த விரலால், எந்தத் தந்தியை, எந்த இடத்தில் அழுத்தி மீட்ட வேண்டும் என்று வாக்கியம் வாக்கியமாக அதில் எழுதியிருக்கிறது. தாள அளவு மட்டும் இல்லை. குடுமியான்மலையில் உள்ள அதே குறை.

சீனர்கள் அதோடு விட்டுவிடவில்லை. பழைய கூச்சின் குறிப்புகளை எடுத்துவைத்து, மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் வாசித்துப் பார்த்து, தாளத்தையும் மூச்சையும் தாங்களே கண்டுபிடித்து உயிர் கொடுப்பதற்கு அங்கே 'தாபு' என்று ஒரு தனிப் பெயரே இருக்கிறது. ஒருவர் கண்டுபிடித்தது இன்னொருவருடையதோடு ஒத்துப்போகாது. போகவேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. அப்படி யூலானை மீட்டெடுத்தவர்களில் பெயர்பெற்றவர் குவான் பிங்ஹு. அவருடைய வேறொரு கூச்சின் வாசிப்பு 1977-ல் வாயேஜர் விண்கலத்தின் தங்கத் தட்டில் ஏறி விண்வெளிக்கே போனது. அதே தட்டில் நம் நாட்டின் சார்பில் கேசர்பாய் கேர்கரின் பைரவியும் இருக்கிறது.

குடுமியான்மலை பற்றி ஆய்வேடுகள் உண்டு. ஆனால், நாலு வித்வான்கள் நாலு விதமாக வாசித்து, 'என்னுடையதுதான் சரி' என்று மேடையில் சண்டை போடுகிற அளவுக்கு அது இன்னும் கச்சேரிக்கு வரவில்லை. அந்தச் சண்டை வந்தால் நல்லது.

விளக்குப் பிடித்தவர் கையில் பிறந்த வாத்தியம்

இனி இரண்டாவது சாட்சி. இதற்குப் புதுக்கோட்டை நகரத்துக்கே திரும்ப வேண்டும். தொண்டைமான் ராஜாக்கள் காலத்தில் அரண்மனையில் விளக்குப் பிடிக்கும் வேலையில் இருந்தவர் மான்பூண்டியா பிள்ளை என்று சொல்வார்கள். அவருக்குத் தாளத்தின் மேல் பித்து. மாரியப்பத் தவில்காரரிடம் லயம் கற்றுக்கொண்டார். தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் போகாமல், பஜனைக்காரர்கள் கையில் இருந்தது போன்ற ஒரு வட்டத் தட்டைக் கச்சேரிக்கு ஏற்ற வாத்தியமாக மாற்றினார். அதுதான் கஞ்சிரா.

பார்க்க ஒன்றுமே இல்லை. சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னதாக ஒரு பலாமர வளையம், ஒரு பக்கம் உடும்புத் தோல், வளையத்தில் ஒரு வெட்டு, அதில் இரண்டு மூன்று காசுகள். வாசிப்பதற்கு முன் தோலின் உள்பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளிப்பார்கள். தோல் தளர்ந்து ஒலி கீழே இறங்கும். தண்ணீர் கூடினால் ஒலி செத்துவிடும், குறைந்தால் டின் தட்டினாற்போல் கேட்கும். ஒரு கை வளையத்தைப் பிடித்திருக்கும். அந்தக் கையின் விரல்களே தோலின் ஓரத்தை அழுத்தி, ஒலியை வளைத்து 'கும்' என்று மேலே ஏற்றும். அடிப்பது இன்னொரு கை. இவ்வளவு சின்னத் தட்டிலிருந்து மிருதங்கத்துக்கு ஈடுகொடுக்கும் கனம் வருவதைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும்.

மான்பூண்டியா பிள்ளையின் சீடர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை. கஞ்சிரா, மிருதங்கம் இரண்டிலும் பேரெடுத்தவர். இன்னொரு சீடர் பழனி முத்தையா பிள்ளை. அவருடைய மகன்தான் இடது கையால் மிருதங்கம் வாசித்துப் புகழ்பெற்ற பழனி சுப்பிரமணிய பிள்ளை. தஞ்சாவூர் பாணிக்குப் பக்கத்தில் 'புதுக்கோட்டை பாணி' என்று ஒன்று நிமிர்ந்து நின்றது இவர்களால்தான். பெண்கள் மிருதங்கத்தைத் தொடுவதே அபூர்வமாக இருந்த காலத்தில் தட்சிணாமூர்த்தி பிள்ளையிடம் கற்று மேடையேறியவர், 1910-ல் பிறந்த திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள். திருக்கோகர்ணம் இன்று நகரத்தோடு ஒட்டிய பகுதி. பிரகதாம்பாள் கோயிலும் அரசு அருங்காட்சியகமும் அங்கேதான்.

இவர்கள் வாசித்ததை யாரும் கல்லில் வெட்டவில்லை. தாளிலும் பெரிதாக எழுதவில்லை. 'தகதிமி' என்று வாயால் சொல்லி, தொடையில் தட்டி, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனது. இன்றும் கச்சேரிக்குக் கச்சேரி ஒலிக்கிறது. வி. செல்வகணேஷின் கஞ்சிரா, ஜான் மெக்லாஃப்லின், ஜாகிர் உசேன் ஆகியோரோடு சேர்ந்த 'சக்தி' குழுவில் உலகம் சுற்றியது. அந்தக் குழுவின் 'திஸ் மொமென்ட்' ஆல்பம் 2024-ல் கிராமி விருது பெற்றது. எழுதிவைத்தது ஊமையாகிவிட்டது, எழுதாதது கிராமி மேடை வரைக்கும் போய்விட்டது!

மலைப்பாம்பும் உடும்பும்

அறந்தாங்கி, ஆலங்குடி பக்கம் வீட்டுக்கு ஓர் ஆளாவது சிங்கப்பூரில் வேலை பார்த்திருப்பார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் சுற்றுகிற நம்மவர்களில் எத்தனை பேர் சிங்கப்பூர் சீன ஆர்க்கெஸ்ட்ராவைக் கேட்டிருப்பார்கள் என்பது சந்தேகம். ஒரு முறை கேட்க வேண்டும். மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ரா மாதிரியே அரைவட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் நடத்துநர், எல்லோர் முன்பும் தாள். ஆனால் வயலின் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டே தந்தி உள்ள எர்ஹு. புல்லாங்குழல் இடத்தில் மூங்கில் டீஸி. பின்னால் சுவோனா. சுவோனாவை வாசிக்க ஆரம்பித்தால் நம்மூர் ஆள் யாரும் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியாது. சீவாளி வைத்து ஊதுகிற, நம் நாகஸ்வரத்துக்குத் தூரத்துச் சொந்தம் அது.

அடிக்குரலுக்கு மட்டும் சீனக் கருவி அமையவில்லை. அங்கே செல்லோவும் டபுள் பேஸும் வந்து உட்கார்ந்துகொண்டன. நாம் வயலினை வாங்கித் தரையில் உட்கார்ந்து, அதன் தலையைக் கணுக்காலில் சாய்த்து நம்முடையதாக்கிக்கொண்டோம் அல்லவா? அது போலத்தான். ஆனால் அவர்கள் தனிக் கருவியை எடுத்துக்கொண்டதோடு நிற்கவில்லை, கூட்டமாக உட்காரும் முறையையே எடுத்துக்கொண்டார்கள். அதற்காகத் தங்கள் கருவிகளைப் பெரிதும் சிறிதுமாக மாற்றிச் செய்தார்கள், சுருதியைச் சமப்படுத்தினார்கள். இதில் ஊர்ப்புற வாசிப்பின் கரடுமுரடும் அழகும் கொஞ்சம் தேய்ந்துபோனது என்று வருத்தப்படுகிற சீனர்களும் உண்டு. நியாயமான வருத்தம்தான்.

எதிர்த் திசையிலும் போனார்கள். 1959-ல் ஷாங்காய் இசைக் கல்லூரி மாணவர்கள் ஹெ ஜான்ஹாவ், சென் காங் இருவரும் எழுதிய 'பட்டர்ஃப்ளை லவ்வர்ஸ்' வயலின் கான்செர்ட்டோ இதற்குப் பெரிய உதாரணம். ஆண் வேடம் போட்டுப் படிக்கப் போன பெண்ணுக்கும் உடன் படித்தவனுக்கும் நடந்த காதல். அவர்கள் நாட்டு அம்பிகாபதி–அமராவதி என்று வைத்துக்கொள்ளலாம். கருவி மேற்கத்தியது, தாள் மேற்கத்தியது. விரல் மட்டும் ஊர்ப்புற நாடகப் பாடகியின் குரலைப் போல ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகிறது. நம் கமகத்துக்குப் பழகிய காதுக்கு அந்த வழுக்கல் உடனே பிடிபட்டுவிடும்.

எர்ஹுவுக்கும் கஞ்சிராவுக்கும் எதிர்பாராத ஓர் ஒற்றுமை உண்டு. எர்ஹுவின் முகத்தில் இருப்பது மலைப்பாம்புத் தோல். கஞ்சிராவில் உடும்புத் தோல். இரண்டும் இன்று பாதுகாக்கப்பட்ட உயிரினங்கள். நம் நாட்டில் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உடும்பு இருக்கிறது. பிடிப்பதும் விற்பதும் குற்றம். சட்டம் சரிதான். அதற்காக மான்பூண்டியா பிள்ளையின் ஒலியைக் கைவிட்டுவிடுவதா? ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் வந்திருக்கின்றன. தண்ணீர் தெளித்ததும் தளர்ந்து குழைகிற அந்தப் பழைய நெகிழ்வு அவற்றில் முழுதாகக் கிடைப்பதில்லை. ஹாங்காங் சீன ஆர்க்கெஸ்ட்ரா இதே சிக்கலை எதிர்கொண்டபோது, ஒரு குழுவை உட்கார வைத்து ஆராய்ந்து, பாலியெஸ்டர் படலம் போட்ட எர்ஹு வகைகளை உருவாக்கி, மேடையில் அவற்றையே வாசிக்கிறது. கஞ்சிராவுக்கு அப்படி ஒரு வேலையைக் கையிலெடுக்க அது பிறந்த ஊரைவிடப் பொருத்தமான இடம் எது?

கல் தட்டியவரைத் தேடி

'க்ரௌச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்' படத்தைப் பார்த்தவர்களுக்கு டான் டுன் பெயர் தெரிந்திருக்கும். அதற்கு இசையமைத்து ஆஸ்கர் வாங்கியவர். 1981-ல், இசை மாணவராக இருந்தபோது, தன் சொந்த மாகாணமான ஹூனானில் ஒரு கிராமத்துக்குப் போனார். அங்கே ஒரு முதியவர் கற்களைத் தட்டி இசைத்தார். கல்லோடு பேசுகிறவர், காற்றோடும் மேகத்தோடும் பேசுகிறவர் என்று ஊரார் நம்பினார்கள். பல வருடம் கழித்து, 1999-ல் அவரைத் தேடி டான் டுன் திரும்பப் போனார். முதியவர் இறந்துவிட்டிருந்தார். அந்தக் கலையைக் கற்றுக்கொண்டவர் யாரும் இல்லை.

அந்த இழப்பிலிருந்து பிறந்தது 'தி மேப்'. 2003-ல் பாஸ்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்க, செல்லோவில் யோ-யோ மா. மேடையில் ஒரு திரை. அதில் ஹூனான் கிராமத்துக் கலைஞர்களை அவர்கள் ஊரிலேயே எடுத்த காட்சி ஓடும். திரையில் ஒரு பெண் மலைப்பாட்டு பாடுவாள், மேடையிலிருந்து செல்லோ அவளுக்குப் பதில் பாடும். கிராமத்து இசையைத் தாளில் மொழிபெயர்க்க டான் டுன் மெனக்கெடவில்லை. எழுத முடிந்ததை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதினார். எழுத முடியாததை, வாசித்தவர்கள் முகத்தோடும் மூச்சோடும் அப்படியே கொண்டுவந்து நடுவில் நிறுத்தினார். கலப்பிசை என்ற பெயரில் இரண்டையும் கூழாகக் கரைத்துவிடுகிறவர்கள் மத்தியில் இது மரியாதையான வழி.

தமிழ்நாட்டுக்கும் இந்தப் பாதை புதிதில்லை. 1986-ல் 'ஹவ் டு நேம் இட்?' ஆல்பத்தில் தியாகராஜரையும் பாக்கையும் ஒரே திண்ணையில் உட்கார வைத்தார் இளையராஜா. 2005-ல் திருவாசகத்துக்கு புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவை வாசிக்க வைத்தார். 2025 மார்ச் 8-ம் தேதி லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனியை அரங்கேற்றியது. பண்ணைப்புரத்துக்காரர் கையெழுத்திட்ட தாளை லண்டன்காரர்கள் ஸ்டாண்டில் வைத்து வாசித்தார்கள். அதற்கும் முன்னால், 1985-ல் எல். சுப்பிரமணியம் தன் 'ஃபேன்டஸி ஆன் வேதிக் சான்ட்ஸ்' படைப்பை சுபின் மேத்தா நடத்த, நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கோடு வாசித்திருக்கிறார். ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதத் தெரிந்த கைகள் நம்மிடம் இருக்கின்றன. குடுமியான்மலையில் ஏழு ராகங்களுக்குச் சுரம் காத்திருக்கிறது. தாளம் இல்லாததைக் குறையாக நினைக்க வேண்டியதில்லை. தாளம் சேர்க்கத்தான் பக்கத்து ஊர் கஞ்சிரா இருக்கிறதே!

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கல்வெட்டு தேய்ந்திருக்கிறது. உச்சி வெயிலில் வெறும் பாறையாகத்தான் தெரியும். காலையில், வெளிச்சம் சாய்வாக விழும்போது போனால் எழுத்தின் பள்ளங்களில் நிழல் விழுந்து வரிகள் எழுந்து நிற்கும். கோயில் திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துக்கொண்டு கிளம்புவது நல்லது. எழுத்தின் மேல் மாவோ சுண்ணாம்போ பூசிப் படமெடுக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் தெற்கே திருமயத்துக்கும் போய் வரலாம். கோட்டையைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள். அடிவாரத்தில் சத்தியகிரீஸ்வரர் குடைவரை இருக்கிறது. அங்கேயும் ஒரு காலத்தில் இப்படி ஓர் இசைக் கல்வெட்டு இருந்தது. பிற்காலத்தில் வேறு ஏதோ எழுதவேண்டி வந்தபோது, இடம் தேடியவர்கள் அதன் மேலேயே வெட்டிவிட்டார்கள். ஓரங்களில் சுரப் பெயர்கள் சில மட்டும் தப்பித்துக் கிடக்கின்றன.